ஃபஹாஹீலில் வெள்ளிக்கிழமைச் சோறு

கதவு நாலு விரல் அகலத்துக்குத்தான் திறந்தது. உள்ளே சங்கிலி போட்டிருந்தது. இடுக்கில் ஒரு கண்ணும் பாதி நெற்றியும் தெரிந்தன. அதற்கு முன்பே மீன்குழம்பு வாசனை வெளியே வந்துவிட்டது. தேங்காயை மையாக அரைத்து, மாங்காய் நறுக்கிப் போட்ட சாளைக் குழம்பு.

"ஆரு?"

"நாந்தான் அக்கா, தங்கதுரை."

"கூட ஆரு?"

"நம்ம சைட்டு வெல்டரு. ஒண்ணும் பேச மாட்டாரு. சோத்துக்கு மட்டுந்தான் வாயத் தெறப்பாரு."

சங்கிலி விழுந்தது. ஒரு கை வெளியே வந்து இரண்டு பிளாஸ்டிக் பைகளை நீட்டியது. சூப்பர் மார்க்கெட்டில் கொடுக்கும் மெல்லிய பைகள். தங்கதுரை குனிந்து தன் சேஃப்டி ஷூவைக் கழற்றினான். பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டான். அதைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். நானும் அப்படியே செய்தேன். ஏன் என்று கேட்கவில்லை. எனக்குப் பசி.

குவைத்தில் ஃபஹாஹீல் கடலோர ஊர். பக்கத்திலேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். கடைத்தெருவில் நடந்தால் மலையாளம், தெலுங்கு, தமிழ், வங்காளம் எல்லாம் காதில் விழும். ஷார்ஜா தொழில்பேட்டையில் நாலு வருஷம் வெல்டிங் புகையில் கிடந்ததைப் பற்றிப் போன வாரம் வரை எழுதினேன். அங்கிருந்து கம்பெனி எங்களில் முப்பது பேரைத் தன் குவைத் கிளைக்கு மாற்றியது. அந்த ஒரு வருஷத்தில் எனக்கு நினைவிருப்பது வேலை இல்லை, சோறுதான்.

கேம்ப் பார்சல்

எங்கள் கேம்ப் ஊருக்கு வெளியே மணலில் இருந்தது. சாப்பாடு கான்ட்ராக்ட். மதியச் சோற்றை விடிவதற்கு முன்பே மூன்று மணிக்குக் கட்டிவிடுவார்கள். நாலரைக்கு அதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவோம். பன்னிரண்டு மணிக்குச் சைட்டில் திறப்போம். கோடையில் ஒன்பது மணி நேரம் சூட்டில் கிடந்த சோறு எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். பருப்பு நுரைத்திருக்கும். கோழிக் குழம்பு நூல் விடும்.

அதையும் தின்றோம். தின்னாமல் அந்த வெயிலில் நிற்க முடியாது. தின்றுவிட்டுப் பைப்புக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தவர்கள் உண்டு. ஃபோர்மேனிடம் ஒரு முறை டப்பாவைத் திறந்து மூக்குக்கு நேராக நீட்டினேன். பார்த்துவிட்டு, "கலாஸ், யல்லா" என்றான். முடிந்தது, வேலைக்குப் போ என்று அர்த்தம். அவனுக்கு ஆஃபீஸ் கேன்டீன்.

வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு. காலையில் கம்பெனி பஸ் எங்களை ஃபஹாஹீலில் இறக்கிவிடும். சாயந்தரம் நாலு மணிக்கு அதே இடத்தில் வந்து ஏற்றிக்கொள்ளும். அந்த ஆறேழு மணி நேரத்தில் சிலர் ஊருக்குப் போன் பேசுவார்கள். சிலர் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். நான் சோறு தேடுவேன்.

போர்டு இல்லாத கடைகள்

வளைகுடாவில் மலிவாக நல்ல சாப்பாடு தேடுவது ஒரு வேலை. எனக்கு அது ஷார்ஜாவிலேயே பழகிவிட்டது. அங்கே எங்கள் பட்டறைக்குப் பின்னால் ஒரு பாகிஸ்தான் பட்டாணியர் டயர் கடைக்குள் அடுப்பு வைத்திருந்தார். ரொட்டி சுட்டு, கொண்டைக்கடலை வேகவைத்துத் தருவார். போர்டு கிடையாது. லாரி டிரைவர்கள் எங்கே வண்டியை நிறுத்துகிறார்கள் என்று பார்த்துத்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன்.

போர்டு மாட்டிய கடைகள் எங்கள் சம்பளத்துக்கு ஆகாது. ஆகிற மாதிரி இருக்கும் கடைகளில் நேற்றைய குழம்பில் இன்றைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஃபஹாஹீலில் ஈரானி பேக்கரியில் சுடச்சுட ரொட்டி கிடைக்கும். அகலமாக, எள் தூவி, செய்தித்தாள் மாதிரி மடித்துத் தருவார்கள். அதையும் ஒரு டப்பா தயிரையும் வாங்கிக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்து தின்பேன். நல்ல சாப்பாடுதான். ஆனால் ஆறு நாள் கெட்டுப்போன சோறு தின்றவனுக்கு ஏழாவது நாள் நல்ல சோறுதான் வேண்டும்.

தங்கதுரை எங்கள் சைட்டில் கிரேனுக்கு ரோப் கட்டுகிறவன். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன். மூன்று மாதம் என்னைக் கவனித்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த நாலாவது மாடிக் கதவுக்கு அழைத்துப் போனான். படி ஏறும்போது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று இரண்டு முறை சொன்னான்.

பிலோமி அக்கா

அக்காவுக்கு அப்போது ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவு. தங்கதுரையின் ஊர்தான். வீட்டு வேலை விசாவில் வந்தவர். ஒரு வீட்டில் மூன்று வருஷம் வேலை செய்தார். கடைசி எட்டு மாதம் சம்பளம் தரவில்லை. ஊருக்கு அனுப்பு என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. ஒரு நாள் குப்பை கொட்ட வெளியே வந்தவர் திரும்பிப் போகவில்லை.

பாஸ்போர்ட் கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த முதலாளியிடம் மாட்டிக்கொண்டது. வேலைக்காரி ஓடிவிட்டாள் என்று அவர் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அக்கா கையில் ஒரு காகிதமும் கிடையாது. தெருவில் யார் நிறுத்திக் கேட்டாலும் நேராக ஜெயில்தான்.

ஸ்டெல்லா என்ற நர்ஸ் தன் ஃப்ளாட்டில் ஒரு அறையை அக்காவுக்குக் கொடுத்திருந்தார். அவரும் அந்தக் கடற்கரைக்காரர்தான். அக்கா ஒன்றரை வருஷமாக அந்த ஃப்ளாட்டை விட்டு வெளியே இறங்கியதில்லை. மீனும் காய்கறியும் ஸ்டெல்லா வாங்கி வருவார். அக்கா வெள்ளிக்கிழமைகளில் ஏழெட்டுப் பேருக்குச் சமைத்துப் போடுவார். அந்தக் காசில்தான் நாகர்கோவிலில் மகள் படித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா எதற்காகக் காத்திருந்தார் என்பதை நான் முதல் நாளே தெரிந்துகொண்டேன். சில வருஷத்துக்கு ஒரு முறை அரசு பொதுமன்னிப்பு அறிவிக்கும். காகிதம் இல்லாதவர்கள் அந்த நாட்களுக்குள் ஜெயில் இல்லாமல் ஊருக்குப் போகலாம். நல்ல விசா கிடைத்தால் திரும்பியும் வரலாம். ஸ்டெல்லா தன் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் அக்காவுக்காக ஒரு வேலை பேசி வைத்திருந்தார். மன்னிப்பு வரும்வரை பிடிபடாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு முன்னால் பிடிபட்டால் கைரேகை எடுத்து அனுப்பிவிடுவார்கள். பிறகு அந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது.

அதனால்தான் அத்தனை சட்டம். இரண்டிரண்டு பேராக வர வேண்டும். லிஃப்டில் ஏறக் கூடாது. சத்தமாகப் பேசக் கூடாது. ஷூவைப் பையில் கட்டி உள்ளே கொண்டுவர வேண்டும். அது குடும்பங்கள் இருக்கும் கட்டடம். ஒரு கதவுக்கு வெளியே நாலு சேஃப்டி ஷூ கிடந்தால் போதும், உள்ளே கேம்ப் ஆட்கள் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரையில் பிளாஸ்டிக் விரிப்பு. தட்டில் குண்டரிசிச் சோறு. சாளைக் குழம்பு. வேகவைத்த மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, பச்சை மிளகாயும் உப்பும் சின்ன வெங்காயமும் நசுக்கிய துவையல். அரியலூர்ப் பக்கத்துக்காரன் நான். எங்களுக்குக் கடல்மீன் என்றால் ஐஸ் பெட்டியில் மூன்று நாள் கிடந்து வருவதுதான். அந்தக் குழம்பை முதல் வாய் வைத்த பிறகு தட்டு காலியாகும்வரை நான் நிமிரவில்லை. அரை தினார்தான் வாங்கினார்.

"என்ன வெல்டரே, அழுதீரா?" என்றார் அக்கா.

"காரம்க்கா."

"காரத்துக்கு மூக்குல்லா ஒழுகணும்."

தங்கதுரை சோற்றைத் துப்பிவிடும் அளவுக்குச் சிரித்தான். அக்கா உடனே அவன் தலையில் தட்டிச் சத்தத்தை அடக்கினார்.

என் வாய்

இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். முதலில் ஒருவனிடம். எங்கள் ரூம்காரன், வயிறு கெட்டு எலும்பாகக் கிடந்தான். அவனை அழைத்துப் போனதில் தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். அடுத்தவர்களிடம் ஏன் சொன்னேன் என்றால், பெருமை. பஸ்ஸில் முப்பது பேர் எங்கே சாப்பிடலாம் என்று முழித்துக்கொண்டிருக்கும்போது, இடம் தெரிந்தவன் நான் ஒருவன். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. விடுவேனா?

எட்டுப் பேர் பன்னிரண்டு ஆனார்கள். பிறகு இருபத்திரண்டு. தங்கதுரை என்னோடு பேசுவதை நிறுத்தினான். அக்கா திட்டினார். ஆனால் வந்தவனைப் பட்டினியாக அனுப்ப அவரால் முடியவில்லை. பானை பெரிதானது.

பொதுமன்னிப்பு வரப்போகிறது என்ற பேச்சு அந்தச் சமயத்தில்தான் கிளம்பியது. அக்கா ஒரு வெள்ளிக்கிழமை எங்களிடம் சொன்னார், அடுத்த வாரத்திலிருந்து சமையல் இல்லை, மன்னிப்பு வரும்வரை அறையைப் பூட்டிக்கொண்டு சும்மா கிடக்கப் போகிறேன் என்று. சரியான முடிவு. நான்தான் வாயைத் திறந்தேன்.

"அதுவரைக்கும் நாங்க என்னத்தக்கா திங்கிறது?"

எல்லோரும் ஆமாம் என்றார்கள். இன்னும் நாலு வாரம், ஐந்து வாரம் என்று கெஞ்சினோம். அக்கா தட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். மகளுக்குக் கட்ட வேண்டிய பணமும் இருந்தது. சரி என்றார்.

செருப்பு

இருபத்திரண்டு பேரின் சேஃப்டி ஷூவை ஒரு சின்ன அறையில் வைத்துப் பாருங்கள். சைட்டில் ஆறு நாள் எண்ணெயிலும் கழிவிலும் மிதித்த ஷூ. எங்களிடம் வேறு செருப்பு கிடையாது. மெல்லிய பை கிழியும். நாற்றம் சோற்றுக்கு மேலே நிற்கும். வயதான ஒரு ஃபிட்டர், ஷூவுக்குப் பக்கத்தில் சோறு தின்ன மாட்டேன் என்று எழுந்துவிட்டார். அவர் சொன்னது மற்றவர்களுக்கும் உறைத்தது. எந்த வீட்டில் செருப்பை உள்ளே வைத்துக்கொண்டு சோறு தின்கிறோம்? நான் எல்லோருக்கும் சேர்த்து நியாயம் பேசப் போனேன்.

"அக்கா, செருப்ப வெளியில விட்டுட்டு வர்றோம். சோத்துப் பக்கத்துல செருப்பு ஆகாது."

"வெளிய விடாதீங்க. ஆராவது கண்டா?"

"அரை மணி நேரந்தான. உங்க கோயில்லயும் செருப்ப வெளியதான விடுறீங்க?"

"கோயிலுக்குப் போலீசு வராது, வெல்டரே."

பதில் இல்லாதவன் செய்வதைச் செய்தேன். அப்படியென்றால் பசங்க வர மாட்டார்கள் என்றேன். சீக்கிரம் தின்றுவிட்டுப் போங்கள் என்று மட்டும் அக்கா சொன்னார்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரமும். மூன்றாவது வாரம் எல்லோரும் கதவுக்கு வெளியே தாராளமாகக் கழற்றிப் போட்டார்கள். ஷூக்கள் மாடிப்படி வரை போயின. நான் தாண்டித்தான் உள்ளே போனேன்.

"மாலிக் கோன்?"

அவர்கள் எங்களைத் தேடி வரவில்லை. ஐந்தாவது மாடியில் ஏதோ தகராறு. அதை விசாரிக்க இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியில் ஏறினார்கள். நாலாவது மாடியில் ஷூக் குவியல் காலில் இடறியது.

மணி அடித்தது. பிந்தி வந்த ஆள் என்று நினைத்து அக்காதான் திறந்தார். அன்று சங்கிலிகூடப் போட்டிருக்கவில்லை. ஆட்கள் வந்தபடி இருந்ததால் கழற்றியே விட்டிருந்தார்.

இளவயதுப் போலீஸ்காரன். கோபமாக இல்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே கையைக் காட்டி, இது என்ன மஸ்ஜிதா என்று அரைகுறை ஹிந்தியில் கேட்டான். எங்களில் ஒருவன் பயத்தில் சிரித்தும் வைத்தான். பிறகு போலீஸ்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான். வரிசையாக உட்கார்ந்து கையில் சோற்றோடு இருபத்திரண்டு பேர். அடுப்பில் பானை. அவன் சிரிப்பு நின்றது.

"மாலிக் கோன்?" இதற்கு முதலாளி யார் என்றான்.

அக்கா சுவரோரம் நின்றார். கையில் கரண்டி. போலீஸ்காரன் இரண்டாவது முறை கேட்டான். என்னைப் பார்த்துக் கேட்டான். நான் கதவுக்கு நேராக உட்கார்ந்திருந்தேன்.

எனக்குக் கொஞ்சம் அரபி வரும். நாங்கள் கம்பெனி ஆட்கள், காசு கொடுத்துச் சாப்பிட வந்தோம், வேறு ஒன்றும் தெரியாது என்றேன். யார் என்று மறுபடி கேட்டான். வலது கையில் சோறு இருந்தது. இடது கையை நீட்டி அக்காவைக் காட்டினேன்.

எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார்கள். பத்தாக்கா என்று சொல்வோம். இருபத்திரண்டு பேருக்கும் இருந்தது. திட்டினார்கள். போங்கள் என்றார்கள். அக்காவிடம் பத்தாக்கா கேட்டார்கள். அக்கா அடுப்பை அணைத்தார். நைட்டியை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டார். கொடுத்தார்கள். சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. அவர் காலுக்குச் செருப்பு இல்லை. வெளியே போகாதவருக்கு எதற்குச் செருப்பு? அப்படியே படி இறங்கினார்.

பஸ் வர இரண்டு மணி நேரம் இருந்தது. கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தோம். பிறகு ஒருவன் சொன்னான், "கொழம்பு பாதிப் பானை அப்படியே இருந்துச்சுடா." இரண்டு பேர் சிரித்தார்கள். நானும்.

பஸ் ஸ்டாப்பில் ஸ்டெல்லா

அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் இறங்கும் இடத்தில் ஸ்டெல்லா நின்றார். நைட் டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தார். அவரும் குடும்பமும் அந்த ஃப்ளாட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கட்டடக்காரர் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்ல அவர் வரவில்லை. அக்காவை ஜெயிலில் பார்க்கப் போகும்போது தமிழ் ஆண் ஒருவர் கூட வந்தால் பேச உதவியாக இருக்கும், உங்களுக்கு அரபி தெரியுமாமே என்றார்.

வருகிறேன் என்றேன். போகவில்லை. போனால் வாசலில் என் பத்தாக்கா நம்பரை எழுதுவார்கள். கம்பெனிக்குத் தெரியும். வேலை போகும். இதெல்லாம் நிஜமான பயம்தான். ஆனால் தங்கதுரை போனான். அவனுக்கும் அதே கம்பெனி, அதே பத்தாக்கா.

அக்காவை ஒன்பது வாரம் உள்ளே வைத்திருந்தார்கள். பிறகு கைரேகை எடுத்து விமானம் ஏற்றினார்கள். அடுத்த பத்தாவது நாளோ பன்னிரண்டாவது நாளோ பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். ஃபஹாஹீல் கடைத்தெருவில் பெண்கள் பெட்டி வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தெலுங்குப் பெண்கள், சிங்களப் பெண்கள், நம் பெண்கள். சத்தமாகப் பேசிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் நடந்தார்கள்.

குளச்சல் பக்கம்

அடுத்த வருஷம் லீவில் ஊருக்குப் போனேன். தங்கதுரையிடம் வழி கேட்டு, பால் பவுடர், தைலம், சோப்பு எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு அந்தக் கடற்கரை ஊருக்குப் போய் இறங்கினேன். காலை பத்து மணி இருக்கும். அக்கா வாசலுக்கு வந்தார். இளைத்திருந்தார். கை விரல்கள் ஊறி, வெளுத்து, நுனியெல்லாம் வெட்டுக் காயம். இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீரில் கை வைத்து உரிக்கிற வேலை. பின்னால் மகள் நின்றாள். அவள் கையும் அப்படியே இருந்தது.

"என்னைத் தெரியுதாக்கா?"

"தெரியாம என்ன."

உள்ளே வா என்று சொல்லவில்லை. வெயிலில் நின்றபடியே, செருப்பை வெளியே விடச் சொன்னது என் தப்பு என்றேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு. அக்கா முழுதும் கேட்கவில்லை.

"செருப்பு கெடக்கட்டும். செருப்பக் கண்டு வந்தான், செரி. மாலிக் ஆருன்னு கேட்டான்லா? உங்க எல்லாருக்கும் பத்தாக்கா இருந்துது. ஒருத்தன், நாந்தான் சமையலு, இந்தப் பொம்பள பாத்திரம் கழுவ வந்தவன்னு சொல்லியிருந்தா அவனுக்கு ரெண்டு அடி விழும், ஒரு ஃபைன் போடுவான். என்னையத் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டான்."

அது எனக்கு அப்போது தோன்றவில்லை அக்கா என்றேன்.

பொய். தோன்றியது. அவன் முதல் முறை கேட்டபோதே தோன்றியது. இரண்டாவது முறை கேட்பதற்குள் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அக்காவும் அது பொய் என்று தெரிந்துகொண்ட மாதிரிதான் பார்த்தார்.

பையைத் திண்டில் வைத்தேன்.

"அத எடுத்துட்டுப் போங்க," என்றாள் மகள். அக்கா கதவைப் பூட்டினார். அவர்களுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. என்னைத் தாண்டி இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள்.

நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. அரியலூர்ப் பக்கம் போகும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. எதிரே ஒரு கடையில் இலை போட்டு மீன் சாப்பாடு. உட்கார்ந்தேன். நன்றாக இருந்தது. விலையும் குறைவு. இன்னொரு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.